லினக்ஸில் ‘ஜாப்பனீஸ்’ சேர்த்தும் ஏன் ஆங்கிலமே வருகிறது?

குத்தாலம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஜப்பானிய மொழி படிக்க ஆரம்பித்திருக்கிறேன். லேப்டாப்பில் உபுண்டு 24.04. செட்டிங்ஸில் ‘ஜாப்பனீஸ்’ சேர்த்துவிட்டேன், மேல் மூலையில் ‘ஜேஏ’ என்றும் காட்டுகிறது. ஆனால் தட்டினால் ஆங்கில எழுத்துதான் வருகிறது. மின்னஞ்சல் முகவரிக்கு அட் குறி அடித்தால் மேற்கோள் குறி விழுகிறது. நேற்று பூட்டுத் திரையில் பாஸ்வேர்டையே ஏற்கவில்லை. ஜப்பான் கீபோர்டு வாங்கினால்தான் சரியாகுமா? இதே கணினியில் தமிழ்99-உம் வேண்டும்.”

கீபோர்டு வாங்க வேண்டாம். நீங்கள் மூன்று தொல்லைகளைச் சொல்லியிருக்கிறீர்கள், மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். நீங்கள் சேர்த்தது ஜப்பானிய மொழியை அல்ல, ஜப்பானில் விற்கும் கீபோர்டின் விசை அமைப்பை. அதற்கு லேஅவுட் என்று பெயர். எந்த விசையை அழுத்தினால் எந்தக் குறி வர வேண்டும் என்ற பட்டியல் மட்டும்தான் அது. ஜப்பான் கீபோர்டிலும் ஏ, பி, சி, டி எல்லாம் நம் கீபோர்டில் இருக்கும் இடத்திலேயே இருக்கின்றன. அதனால்தான் எழுத்துகள் ஆங்கிலமாகவே வருகின்றன. குறிகள்தான் இடம் மாறியிருக்கின்றன: அந்த அமைப்பில் ஷிஃப்டும் 2-உம் சேர்ந்தால் இரட்டை மேற்கோள் குறி. அட் குறி, பி-க்கு வலப்பக்கம் நம் கீபோர்டில் சதுர அடைப்பு இருக்கும் விசையில் இருக்கிறது. உங்கள் பாஸ்வேர்டில் அட் குறியோ, அடைப்புக்குறியோ, வேறு ஏதாவது குறியோ இருந்தால் பூட்டுத் திரை தவறு என்றுதான் சொல்லும், ஏனென்றால் அங்கே விழுந்தது வேறு குறி. பாஸ்வேர்டு கட்டத்தில் புள்ளிகள்தானே தெரியும், என்ன விழுந்தது என்று பார்க்கவும் முடியாது. மறுபடி அப்படி ஆனால் அதே திரையின் மேல் மூலையில் ‘ஜேஏ’ என்பதைத் தொட்டு ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டுத் தட்டுங்கள், திறந்துவிடும்.

உங்களுக்குத் தேவையானது இன்புட் மெத்தட் என்ற வேறொரு பொருள். தமிழ் தட்டியவருக்கு இந்த வித்தியாசம் புதிதல்ல. தமிழ்99-இல் க விசையை இரண்டு தடவை அடித்தால் ‘க்க’ என்று புள்ளி தானாக விழுகிறது. ங-வுக்குப் பின் க அடித்தால் ‘ங்க’ ஆகிறது. வெறும் லேஅவுட்டால் இதைச் செய்ய முடியாது, முந்தைய விசை என்ன என்று பார்த்து முடிவெடுக்கும் ஒரு நிரல் நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஜப்பானிய மொழிக்கு அந்த நிரலின் வேலை இன்னும் பெரிது. ‘கவா’ என்று தட்டினால் அது ஆறாக இருக்கலாம், தோலாக இருக்கலாம், பதனிட்ட தோலாக இருக்கலாம், பக்கம் என்ற பொருளாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் கான்ஜி (சீனத்திலிருந்து வந்த, பொருளைக் குறிக்கும் எழுத்து) வேறு. ஆற்றுக்கே இரண்டு கான்ஜி உண்டு. ஆகவே நிரல் முதலில் ஒலியை ஹிராகானாவில் (ஜப்பானிய ஒலியெழுத்தில்) வாங்கிக்கொள்ளும், பிறகு அகராதியைப் பார்த்துப் பட்டியல் காட்டும், நீங்கள் தேர்ந்தெடுப்பீர்கள். ஆயிரக்கணக்கான கான்ஜிக்கு எந்தக் கீபோர்டிலும் விசை கிடையாது, ஜப்பானிலும் இப்படித்தான் தட்டுகிறார்கள்.

லினக்ஸில் இந்த ஏற்பாடு இரண்டு அடுக்காக இருக்கும். கீழே ஒரு சட்டகம், அதன் மேல் மொழிக்கான எஞ்சின். சட்டகம் என்பது ஐபஸ் அல்லது எஃப்சிட்எக்ஸ்5. எஞ்சின் என்பது மோஸ்க் அல்லது ஆந்தி. உபுண்டுவின் வழக்கமான கினோம் டெஸ்க்டாப்பில் ஐபஸ் முன்னரே இருக்கிறது, நீங்கள் மோஸ்க் எஞ்சினை மட்டும் சேர்த்தால் போதும். மோஸ்க் என்பது கூகிளின் ஜப்பானிய உள்ளீட்டு மென்பொருளிலிருந்து 2010-இல் திறமூலமாக வெளிவந்தது. கூகிள் இணையத்திலிருந்து திரட்டிய பெரிய அகராதி மட்டும் இதில் இல்லை, ஆகவே ஆட்பெயர், ஊர்ப்பெயர், புதுச் சொற்களில் சற்றுத் தடுமாறும். பாடப்புத்தகத்து ஜப்பானியத்துக்கு ஒரு குறையும் தெரியாது. நீங்கள் தட்டுவது எதுவும் வெளியே போவதில்லை, எல்லாம் உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கிறது. ஆந்தியும் வேலை செய்யும், ஆனால் நீளமான வாக்கியத்தைச் சொல் சொல்லாகப் பிரிப்பதில் மோஸ்க் தெளிவாக மேல். அதனால் மோஸ்க் என்றே வைத்துச் சொல்கிறேன்.

டெர்மினலை (கட்டளைகளைத் தட்டும் சாளரம்) திறந்து முதலில் சூடோ ஆப்ட் அப்டேட். அது முடிந்ததும் சூடோ ஆப்ட் இன்ஸ்டால் என்று தட்டி இரண்டு பேக்கேஜ் பெயர்களைக் கொடுங்கள்: ஐபஸ்-மோஸ்க், மோஸ்க்-யுடில்ஸ்-ஜியுஐ. மோஸ்க் என்பதன் எழுத்து எம், ஓ, ஜெட், சி. எல்லாம் சிறிய எழுத்து, நடுவில் வருவது ஹைஃபன், இரண்டு பெயருக்கும் இடையே மட்டும் ஓர் இடைவெளி. இரண்டாவது பேக்கேஜைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் தட்ட முடியும், ஆனால் அமைப்புகளை மாற்றும் சாளரமும் சொந்த அகராதியும் திறக்காது. நிறுவி முடித்ததும் லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். இதைச் செய்யாமல் பட்டியலில் மோஸ்க்கைத் தேடி, வரவில்லை என்று பேக்கேஜை நீக்கி, மறுபடி போட்டு அலைய வேண்டாம். ஐபஸ் தொடங்கும்போதுதான் எஞ்சின்களின் பட்டியலைப் படிக்கிறது.

உள்ளே வந்ததும் செட்டிங்ஸ், கீபோர்டு, இன்புட் சோர்ஸஸ். முதல் வேலையாக, ஏற்கெனவே சேர்த்திருக்கும் வெறும் ‘ஜாப்பனீஸ்’ என்பதை அதன் பக்கத்து மூன்று புள்ளியைத் தொட்டு நீக்குங்கள். பிறகு ஆட் இன்புட் சோர்ஸ். மொழிப் பட்டியலில் ஜாப்பனீஸ் தெரியவில்லை என்றால் அடியில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டால் முழுப் பட்டியல் விரியும். ஜாப்பனீஸ் என்பதற்குள் போனால் ஐந்தாறு பெயர்கள் இருக்கும், அவற்றில் ‘ஜாப்பனீஸ் (மோஸ்க்)’ என்பதை மட்டும் எடுங்கள். வரிசையில் ஆங்கிலம் முதலில், மோஸ்க் அதற்குக் கீழே. ஆங்கிலம் முதலில் இருப்பது பாஸ்வேர்டுக்குப் பாதுகாப்பு. இனி சூப்பர் விசையைப் (விண்டோஸ் படம் போட்டது) பிடித்துக்கொண்டு ஸ்பேஸ் தட்டினால் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மாறும்.

இதுவரை சொன்னது உறுதி. அடுத்துச் சொல்வது உங்கள் மோஸ்க்கின் பதிப்பைப் பொறுத்தது. மோஸ்க்குக்கு மாறிய பிறகும் முதலில் ஆங்கிலமே வரலாம். பயப்பட வேண்டாம், மோஸ்க் ‘டைரக்ட் இன்புட்’ என்ற, தட்டுவதை மாற்றாமல் அப்படியே விடும் நிலையில் தொடங்கியிருக்கிறது. ஜப்பான் கீபோர்டில் இதை மாற்றத் தனி விசை உண்டு, நம்மிடம் அது இல்லை. மேல் மூலையில் மோஸ்க்கின் குறியைத் தொட்டு, இன்புட் மோடு என்பதில் ஹிராகானாவைத் தேர்ந்தெடுத்தால் உடனே ஜப்பானிய எழுத்து வரும். ஒவ்வொரு முறையும் இப்படிச் செய்வது அலுப்பு. நிரந்தரமாக மாற்ற, உங்கள் ஹோம் அடைவில் மறைந்திருக்கும் கான்ஃபிக் அடைவுக்குள் மோஸ்க் என்ற அடைவைத் திறங்கள் (ஃபைல்ஸில் கன்ட்ரோல்-ஹெச் அடித்தால் மறைந்தவை தெரியும்). அதில் ஐபஸ்-கான்ஃபிக் என்று தொடங்கி டெக்ஸ்ட்புரோட்டோ என்று முடியும் கோப்பு இருக்கும். மோஸ்க்கை ஒரு தடவையாவது பயன்படுத்திய பிறகே அது உருவாகும். பழைய கணினியிலிருந்து ஹோம் அடைவை அப்படியே கொண்டுவந்தவர்களுக்கு மட்டும் இது நேரடியாக ஹோமிலேயே, புள்ளியில் தொடங்கும் மோஸ்க் அடைவில் கிடக்கும். கோப்பின் கடைசிப் பக்கம் ‘ஆக்டிவ்-ஆன்-லாஞ்ச்’ என்ற வரியில் ஃபால்ஸ் என்று இருப்பதை ட்ரூ ஆக்குங்கள், முதல் எழுத்து பெரியதாகவே இருக்கட்டும். அதே கோப்பில் லேஅவுட் என்ற வரியில் ‘டிஃபால்ட்’ என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே ‘ஜேபி’ என்று இருந்தால் மோஸ்க்குக்கு மாறும்போதெல்லாம் அட் குறிச் சிக்கல் திரும்ப வரும், டிஃபால்ட் என்று திருத்திவிடுங்கள். சேமித்து, டெர்மினலில் ஐபஸ் ரைட்-கேஷ் என்ற கட்டளையைக் கொடுத்து, லாக் அவுட் செய்து வாருங்கள். 24.04-இல் உள்ள மோஸ்க்குக்கு இது பொருந்தும். 22.04-இல் வரும் மோஸ்க் பழையது, அங்கே மெனுவில் மாற்றுவதுதான் வழி.

அமைப்பு முடிந்தது. ஆனால் நம் ஊர்க்காரர்கள் ‘மோஸ்க் சரியாக வேலை செய்யவில்லை’ என்று சொல்வதில் பெரும்பகுதி தட்டும் முறையில் வருவது, ஆகவே இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஆங்கில எழுத்தில் தமிழ் தட்டிப் பழகிய விரல் காதில் விழுவதை அப்படியே தட்டும். மோஸ்க் கேட்பது ஒலியை அல்ல, ஹிராகானாவில் எழுதும் எழுத்துக்கூட்டலை. டோக்யோ என்று நாம் சொல்வதை டி-ஓ-கே-ஒய்-ஓ என்று தட்டினால் கான்ஜி வராது. ஹிராகானாவில் இரண்டு இடத்திலும் நெடிலுக்கு ‘உ’ எழுதுகிறார்கள், ஆகவே டி-ஓ-யு-கே-ஒய்-ஓ-யு. பூங்காவுக்கு கே-ஓ-யு-இ-என். அதே எழுத்துகளுக்கே சொற்பொழிவும் மேடை நிகழ்ச்சியும் பட்டியலில் வரும், பார்த்து எடுக்க வேண்டும். வேற்றுமைச் சொல்லாக வரும் ‘வா’-வை ஹெச்-ஏ என்றும், ‘எ’-வை ஹெச்-இ என்றும், ‘ஒ’-வை டபிள்யு-ஓ என்றும் தட்ட வேண்டும், ஏனென்றால் எழுதுவது அப்படி.

‘ன்’ ஒலிதான் அதிகம் காலை வாருவது. அடுத்து மெய் வந்தால் ஒரு என் போதும், மோஸ்க் புரிந்துகொள்ளும். அடுத்து உயிரோ, ஒய்-யோ, ந வரிசையோ வந்தால் இரண்டு என் தட்ட வேண்டும். கே-ஐ-என்-இ-என் என்றால் நினைவு கொண்டாடுதல். கே-ஐ-என்-என்-இ-என் என்றால் புகைபிடிக்கத் தடை. கொன்னிச்சிவா என்ற வணக்கத்துக்கு மூன்று என் வேண்டும்: கே-ஓ-என்-என்-என்-ஐ-சி-ஹெச்-ஐ-ஹெச்-ஏ. இரண்டு என்னோடு நிறுத்தினால் ‘ந’ போய் ‘இ’ மட்டும் நிற்கும். சொல்லின் கடைசியில் ன் வந்தாலும் இரண்டு தட்டும் பழக்கம் நல்லது. ப-வுக்கு முன்னால் நம் வாய் ‘ம்’ என்கிறது, விரலும் எம் தட்டும். மோஸ்க்கில் அங்கேயும் என்தான்.

கும்பகோணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், சுயஅறிமுகப் பாடத்தில் எப்படியும் ஊர்ப் பெயர் எழுதச் சொல்வார்கள். கே-யு-என்-பி-ஏ-கே-ஓ-ஹைஃபன்-என்-ஏ-எம்-யு என்று தட்டி எஃப்7 அடித்தால் கத்தகானாவில் (வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் ஒலியெழுத்தில்) வந்துவிடும். கத்தகானா நெடில் கோட்டுக்கு ஹைஃபன் விசைதான். தஞ்சாவூருக்கு டி-ஏ-என்-ஜே-ஏ-ஹைஃபன்-வி-யு-ஹைஃபன்-ஆர்-யு. காவேரிக்கு கே-ஏ-ஹைஃபன்-வி-இ-ஆர்-ஐ-ஹைஃபன். ஆட்பெயரில் எல் தட்டாதீர்கள். மோஸ்க்கில் எல் என்பது ல-வுக்கு அல்ல, அடுத்து வரும் எழுத்தைச் சிறியதாக்குவதற்கு. லட்சுமியை எல்-லில் தொடங்கினால் குட்டி ‘அ’ வந்து நிற்கும், ஆர்-ஏ-கே-யு-எஸ்-ஹெச்-யு-எம்-ஐ என்று தட்ட வேண்டும். நம் ல, ள, ழ, ர, ற அனைத்துக்கும் ஜப்பானியத்தில் ஒரே வரிசைதான். ‘தி’, ‘டி’ ஒலிகளுக்கு டி-ஐ (டோக்யோவின் டி) என்று தட்டினால் ‘ச்சி’ வரும், டி-ஹெச்-ஐ தட்டுங்கள். கார்த்திக் என்ற பெயரை கே-ஏ-ஹைஃபன்-ஆர்-யு-டி-ஹெச்-ஐ-கே-கே-யு என்று தட்டினால் சரியாக விழும். மெய்யை இரட்டித்தால் குட்டி ‘சு’ தானே வந்துவிடும், அது மட்டும் தனியாக வேண்டுமென்றால் எக்ஸ்-டி-யு.

தட்டியதும் அடியில் கோடு போட்ட ஹிராகானா தெரியும். அது இன்னும் உறுதியாகாத எழுத்து. ஸ்பேஸ் அடித்தால் மாறும், மறுபடி ஸ்பேஸ் அடித்தால் பட்டியல் வரும், என்டர் அடித்தால் உறுதி. சொல்லுக்குச் சொல் ஸ்பேஸ் அடிக்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். ஒரு வாக்கியத்தை முழுதும் தட்டிவிட்டு ஒரே ஸ்பேஸ் அடித்தால்தான் மோஸ்க் முன்பின் சொற்களைப் பார்த்துச் சரியான கான்ஜியைத் தேர்கிறது, துண்டு துண்டாகக் கொடுத்தால் அதற்கு ஊகிக்க ஒன்றுமில்லை. பிரித்த இடம் தவறாக இருந்தால் இடம், வலம் அம்புக்குறிகளால் அந்தத் துண்டுக்குப் போய், ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு அம்புக்குறியால் துண்டைச் சுருக்கலாம், நீட்டலாம். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதி எரிச்சல் போய்விடும். எஃப்6 ஹிராகானா, எஃப்7 கத்தகானா, எஃப்10 ஆங்கில எழுத்து. சில லேப்டாப்பில் இவை ஒலி, வெளிச்சம் மாற்றும் விசைகளாக இருக்கும், அப்போது எஃப்என் விசையைச் சேர்த்துப் பிடியுங்கள். சொல்லை ஷிஃப்ட் பிடித்துப் பெரிய எழுத்தில் தொடங்கினால் அந்தச் சொல் ஆங்கிலமாகவே நிற்கும், அதற்காக மொழியை மாற்ற வேண்டியதில்லை. அடிக்கடி எழுதும் பெயர்களை மோஸ்க் மெனுவில் டூல்ஸ் என்பதற்குள் இருக்கும் டிக்ஷனரி டூலில் ஏற்றிவையுங்கள். ஒலி என்ற இடத்தில் ஹிராகானாவில் ‘குன்பா’ என்று மட்டும் கொடுத்து, சொல் என்ற இடத்தில் கும்பகோணத்தின் முழு கத்தகானாவைக் கொடுத்தால், அடுத்த முறை ‘குன்பா’ தட்டி ஸ்பேஸ் அடித்ததும் பட்டியலில் இருக்கும்.

இனி தமிழ்99. இதிலும் நீங்கள் முதலில் செய்த அதே தவறுக்கு இடம் இருக்கிறது. இன்புட் சோர்ஸஸ் பட்டியலில் தமிழ் என்பதற்குள் ‘தமிழ்நெட் 99’ என்ற பெயரில் வெறும் லேஅவுட்டுகள் இருக்கும். அவற்றைச் சேர்த்தால் தமிழ் எழுத்து வரும், ஆனால் 1999-இல் தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி அரசு ஏற்ற தமிழ்99-இன் விதிகள் வேலை செய்யாது. புள்ளி தானாக விழாது, மெய்க்குப் பின் உயிரை அடித்தால் உயிர்மெய் ஆகாது. ஐபஸ்-எம்17என் என்ற பேக்கேஜை நிறுவி, லாக் அவுட் செய்து வந்தால், பட்டியலில் ‘தமிழ் (தமிழ்99 (எம்17என்))’ என்று ஒன்று சேர்ந்திருக்கும். அதுதான் வேண்டும். பயிலகத்தில் தமிழ்த் தட்டச்சு படித்து லோயர், ஹையர் முடித்தவர்களுக்கு அங்கேயே பழைய தட்டச்சு அமைப்பும் கிடைக்கும். ஆங்கிலம், மோஸ்க், தமிழ்99 என்று மூன்றும் வரிசையில் நின்றால் சூப்பர்-ஸ்பேஸ் மூன்றையும் சுற்றும். தமிழில் குறிப்பும் ஜப்பானியத்தில் பயிற்சியும் இரண்டு சாளரத்தில் வைத்து வேலை செய்பவர்கள், அதே பக்கத்தில் ‘ஒவ்வொரு சாளரத்துக்கும் தனித்தனியாக மாற்று’ என்ற தேர்வைப் போட்டுக்கொண்டால் மாற்றி மாற்றி அழுத்தும் வேலை குறையும்.

கேடிஈ டெஸ்க்டாப் உள்ளவர்களுக்கும், 2 ஜிபி ராம் மட்டும் உள்ள பழைய லேப்டாப்பில் எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி போன்ற இலகுவான டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கும் எஃப்சிட்எக்ஸ்5 நல்லது. அங்கே எஃப்சிட்எக்ஸ்5, எஃப்சிட்எக்ஸ்5-மோஸ்க், எஃப்சிட்எக்ஸ்5-எம்17என், எஃப்சிட்எக்ஸ்5-கான்ஃபிக்-க்யூடி ஆகிய நான்கையும் நிறுவி, ஐஎம்-கான்ஃபிக் என்ற கருவியில் எஃப்சிட்எக்ஸ்5-ஐத் தேர்ந்து, வெளியே போய் வர வேண்டும். அதன் அமைப்புச் சாளரத்தில் மோஸ்க்கைத் தேடினால் பலருக்குக் கிடைக்காது. ‘தற்போதைய மொழியை மட்டும் காட்டு’ என்ற கட்டத்தில் டிக் போட்டிருக்கும், அதை எடுத்துவிட்டால் வரும். கேடிஈ வேலாண்டில் (திரையில் சாளரங்களைக் காட்டும் புதிய அடிப்படை ஏற்பாடு, பழையது எக்ஸ்11 அல்லது எக்ஸ்ஆர்க்) ஓடுகிறதென்றால் சிஸ்டம் செட்டிங்ஸில் விர்ச்சுவல் கீபோர்டு பக்கத்தில் எஃப்சிட்எக்ஸ்5-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயர் பொருந்தாத இடம்தான், ஆனால் அங்கேதான் வைத்திருக்கிறார்கள். மொழி மாற்ற இதில் கன்ட்ரோல்-ஸ்பேஸ். விஎஸ் கோடில் குறிப்பு காட்டும் விசையும் அதுவே என்பதால், நிரல் எழுதுபவர்கள் வேறு விசை வைத்துக்கொள்வது நல்லது.

ஐபஸ், எஃப்சிட்எக்ஸ்5 இரண்டில் ஒன்றே இருக்க வேண்டும். இணையத்தில் நான்கு வழிகாட்டிகளைப் பார்த்து நான்கிலும் சொன்னதைச் செய்துவிட்டு, ஒரு நிரலில் வருகிறது, இன்னொன்றில் வரவில்லை என்று நிற்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். டெர்மினலில் என்வ் என்று தட்டி, வரும் வரிகளில் ஜிடிகே-ஐஎம்-மாட்யூல், க்யூடி-ஐஎம்-மாட்யூல், எக்ஸ்மாடிஃபையர்ஸ் ஆகிய மூன்றையும் பாருங்கள். இருக்கும் வரிகள் எல்லாம் ஒரே சட்டகத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். ஒன்று ஐபஸ் என்றும் இன்னொன்று எஃப்சிட்எக்ஸ் என்றும் இருந்தால், ஹோமில் இருக்கும் புரொஃபைல், எக்ஸ்புரொஃபைல் கோப்புகளிலும் ஈடிசி அடைவில் என்விரான்மென்ட் கோப்பிலும் நீங்கள் கையால் சேர்த்த வரிகளை எடுத்துவிடுங்கள். உபுண்டு கினோமில் இவற்றைக் கையால் எழுதவே தேவையில்லை.

எல்லா நிரலிலும் வருகிறது, ஒன்றில் மட்டும் வரவில்லை என்றால் அந்த நிரலைத்தான் சந்தேகப்பட வேண்டும். சொல் மனப்பாடத்துக்கு எல்லோரும் வைத்திருக்கும் ஆன்கி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் தளத்திலிருந்து இறக்கும் ஆன்கி தனக்கான க்யூடி நூலகத்தை (நிரலின் சாளரங்களை வரைவது) தானே சுமந்து வருகிறது. க்யூடியோடு ஐபஸ் இணைப்பு சேர்ந்தே வரும், எஃப்சிட்எக்ஸ் இணைப்பு வராது. ஆகவே எஃப்சிட்எக்ஸ்5 வைத்திருப்பவர்களுக்கு மற்ற எல்லாவற்றிலும் ஜப்பானியம் வந்து ஆன்கியில் மட்டும் வராமல் போகலாம். அதற்கான இணைப்புக் கோப்பை ஆன்கியின் அடைவில் நகலெடுத்து வைத்தால் வரும், ஆனால் க்யூடி பதிப்பு இரண்டும் ஒத்துப்போக வேண்டும், ஆன்கி புதுப்பிக்கும்போதெல்லாம் மறுபடி செய்ய வேண்டும். மாணவர்களுக்கு ஐபஸையே நான் பரிந்துரைப்பதற்கு இது ஒரு காரணம். குரோம் வகை உலாவிகளிலும் அவற்றின் மேல் கட்டிய செயலிகளிலும் வேலாண்டில் சிக்கல் வருவது பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது. சோதிக்க எளிய வழி: உள்நுழையும் திரையில் பல்சக்கரக் குறியைத் தொட்டு ‘உபுண்டு ஆன் எக்ஸ்ஆர்க்’ என்பதில் நுழைந்து பாருங்கள். அங்கே வந்தால் குற்றம் மோஸ்க்கில் இல்லை, வேலாண்டோடு அந்தச் செயலி பேசும் விதத்தில். 24.04-இல் இந்தத் தேர்வு இருக்கிறது, 25.10-இலிருந்து எடுத்துவிட்டார்கள்.

லிபர்ஆபிஸில் தமிழும் ஜப்பானியமும் ஒரே பக்கத்தில் எழுதுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது எழுத்துருவை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது: மேற்கத்திய எழுத்து, ஆசிய எழுத்து, சிக்கலான எழுத்து. ஜப்பானியம் ஆசியக் கணக்கில் வரும், தமிழ் சிக்கலான எழுத்துக் கணக்கில் வரும். ஆப்ஷன்ஸில் மொழி அமைப்புகளில் இரண்டையும் இயக்கிவிட்டால்தான் இரண்டுக்கும் தனித்தனி எழுத்துரு, தனித்தனி அளவு வைக்க முடியும். இல்லையென்றால் ஒன்றின் அளவை மாற்ற முயன்று மற்றது மாறாமல் நிற்கும். கான்ஜிக்கு மேல் சிறிய ஹிராகானாவில் ஒலி எழுத, அந்தச் சொல்லைத் தேர்ந்து ஃபார்மேட் மெனுவில் ஏஷியன் ஃபொனெடிக் கைடு. கேடிஈ அல்லாத டெஸ்க்டாப்பில் லிபர்ஆபிஸுக்குள் மட்டும் பட்டியல் வரவில்லை என்றால் லிபர்ஆபிஸ்-ஜிடிகே3 என்ற பேக்கேஜ் இருக்கிறதா என்று பாருங்கள்.

எழுத்துரு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. உபுண்டுவில் நோட்டோ சிஜேகே (சீனம், ஜப்பானியம், கொரியம்) எழுத்துரு முன்னரே இருக்கிறது. வேறு விநியோகங்களில் எழுத்துக்குப் பதில் பெட்டி தெரிந்தால் டெபியன் வகையில் ஃபான்ட்ஸ்-நோட்டோ-சிஜேகே என்ற பேக்கேஜ் போதும், பதிவிறக்கம் சுமார் 60 எம்பி. பெட்டி தெரிந்தால் குறை உடனே புரிந்துவிடும். புரியாமல் போவது வேறொன்று. யூனிகோடில் சீனத்துக்கும் ஜப்பானியத்துக்கும் பல எழுத்துகளுக்கு ஒரே குறியீடு. எழுத்துரு சீனத்துடையதாக இருந்தால் அதே எழுத்து சீன வடிவில் தெரியும். ‘நவோசு’ என்று என்-ஏ-ஓ-எஸ்-யு தட்டி மாற்றினால் வரும் முதல் கான்ஜியைப் பெரிதாக்கிப் பாருங்கள் (சரிசெய் என்ற பொருள் உள்ளது). இடப்பக்கமும் அடிப்பக்கமும் சேர்ந்து ஆங்கில எல் போல ஒரு கோடு மடங்கி வந்தால் ஜப்பானிய வடிவம். அடியில் வெறும் படுக்கைக்கோடு மட்டும் இருந்தால் சீன வடிவம். திரையைப் பார்த்து நோட்டில் எழுதிப் பழகுபவருக்கு இது சின்ன விஷயமில்லை, கை தவறாகப் பழகிவிடும். ஆசிய எழுத்துருவாக ‘நோட்டோ சான்ஸ் சிஜேகே ஜேபி’ என்று, கடைசியில் ஜேபி இருப்பதையே தேர்ந்தெடுங்கள். கையெழுத்துக்கு நெருக்கமான வடிவம் வேண்டுமென்றால் கிளீ ஒன் என்ற இலவச எழுத்துரு நல்லது. அச்சு எழுத்துருவில் சேர்ந்தே இருக்கும் ‘கி’, ‘ச’ ஹிராகானாக்களின் கோடுகள் அதில் கையால் எழுதுவது போலப் பிரிந்து தெரியும்.

கீபோர்டு வாங்குவது பற்றி மறுபடியும். ஜப்பான் கீபோர்டில் விசை மேல் ஹிராகானா அச்சிட்டிருக்கும், ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று அதிலேயே தட்டும் முறையும் உண்டு. ஆனால் ஜப்பானியர்களில் பெரும்பாலோர் ஆங்கில எழுத்து வழியாகத்தான் தட்டுகிறார்கள். ஆங்கிலத் தட்டச்சு படித்த விரல்கள் உங்களிடம் இருந்தால் புதிதாக ஐம்பது விசைகளை மனப்பாடம் செய்ய ஒரு காரணமும் இல்லை. ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித்திறன் தேர்வுக்காக என்று நினைத்தாலும், அது தாளில் வட்டம் நிரப்பும் தேர்வு, தட்டச்சு அதில் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் வரவில்லை என்றால், உங்கள் திரையைப் பார்க்காமல் என்னால் ஊகிக்கத்தான் முடியும். ஆகவே கேள்விக்குக் கீழே மூன்றை எழுதுங்கள்: வேலாண்டா எக்ஸ்11-ஆ (செட்டிங்ஸில் சிஸ்டம் என்பதற்குள் அபவுட் பக்கத்தில் சிஸ்டம் டீடெய்ல்ஸைத் தொட்டால் விண்டோயிங் சிஸ்டம் என்ற வரி சொல்லும்), என்வ் கட்டளையில் மேலே சொன்ன மூன்று வரிகள், எந்தெந்த நிரலில் வருகிறது எதில் வரவில்லை. பாஸ்வேர்டு எதையும் படம் எடுத்துப் போடாதீர்கள். எஃப்சிட்எக்ஸ்5 வைத்திருந்தால் எஃப்சிட்எக்ஸ்5-டயக்னோஸ் என்ற கட்டளை தரும் நீண்ட பட்டியலையும் சேர்த்துப் போடுங்கள், சிக்கல் பெரும்பாலும் அதிலேயே சிவப்பு எழுத்தில் இருக்கும்.